வடக்குப் பக்கத்துப் பலகைகள்

சாரத்தின் இரண்டாம் தட்டில் நின்று பழைய பெயின்டைச் சுரண்டிக்கொண்டிருந்த மார்லிஸுக்கு, வீட்டின் வடக்குச் சுவர்ப் பலகைக்கு அந்தப் பக்கம் தன் கணவன் மூச்சு விடுவது கேட்டது. அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. ஆர்வோவின் நுரையீரல் கெட்டுப்போன இந்த இரண்டு வருஷத்தில் அவள் காது வேறு எதையும் ஒழுங்காகக் கேட்டதில்லை. இழுக்கும்போது ஒரு சீழ்க்கை, விடும்போது ஈரத் துணியைத் தரையில் இழுத்துப் போவது மாதிரி ஒரு சரசரப்பு, அது கடையில் வரிசையில் நிற்கும்போதும், காரில் சிவப்பு விளக்குக்காகக் காத்திருக்கும்போதும், பல் துலக்கும்போதும் அவள் மண்டைக்குள் ஓடிக்கொண்டேதான் இருக்கும். எழுந்து நடமாடுகிறான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, சுரண்டியின் பிடியால் பலகையில் இரண்டு தட்டுத் தட்டினாள்.

"ஏய் கிழவா, இந்தக் குளிர்ல அங்க என்ன வேலை உனக்கு? போய்ப் படு."

மூச்சு மட்டும் இருந்தது. ஆர்வோவால் இழுக்க முடிந்ததைவிட நீளமான ஓர் இழுப்பு, பிறகு அதே நிதானத்தில் ஒரு விடுதல்.

அப்போது வீட்டின் தெற்குக் கோடியில், சமையலறையிலிருந்து ஆர்வோவின் குரல் கேட்டது. "காபி ஆறுது கிழவி! வர்றியா, இல்ல ரெண்டு கப்பையும் நானே குடிச்சிடவா?"

மார்லிஸ் சுரண்டியைக் கீழே இறக்கினாள். இந்தச் சுவருக்குப் பின்னால் மாடிப்படிக் கூடம். அதுவும் இந்த உயரத்தில் உள்ளே கால் வைத்து நிற்கத் தரை கிடையாது, வெறும் சுவர்தான். ஏதோ குழாயில் காற்று ஓடுகிறது என்று சொல்லிக்கொண்டு இறங்கிவிட்டாள். காபியை ஒரே மடக்கில் குடித்தாள். ஆர்வோ என்ன பேசினான் என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது.

ஆற்று முகத்துவாரத்து ஊரான ஆஸ்டோரியாவில் மலைச் சரிவில் அடுக்கடுக்காக நிற்கும் பழைய மரவீடுகளில் இது கொஞ்சம் பெரியது. ஆர்வோவின் கொள்ளுத்தாத்தா பின்லாந்திலிருந்து வந்து, கப்பல்களுக்கு மரம் அறுத்துச் சம்பாதித்துக் கட்டியது. மூலையில் ஒரு கூம்புக் கோபுரம், மேலெல்லாம் மீன் செதில் மாதிரி வெட்டிப் பதித்த சின்னப் பலகைகள், முன் தாழ்வாரத்தில் கண்ணுக்கு எட்டின இடமெல்லாம் மரப்பூ வேலை. அத்தை ஹில்யா செத்த பிறகு ஆர்வோ கைக்கு வந்தபோது, நாலைந்து தலைமுறைப் பெயின்ட் உரிந்து தொங்கிக்கொண்டிருந்தது. மார்லிஸுக்கு இதுதான் தொழில். ஊரில் பாதிப் பழைய வீடுகளுக்கு அவள் கைதான் மேல்சட்டை மாட்டியிருக்கிறது. வந்த அன்றே ஒரு மூலையில் நாணயம் அளவுக்குத் தேய்த்துப் பார்த்து, வெள்ளைக்கு அடியில் மஞ்சள், மஞ்சளுக்கு அடியில் சாம்பல் என்று வளையம் வளையமாக இறங்கி, அடியோ அடியில் ஒரு கரும்பச்சையைக் கண்டுபிடித்தாள். ஆர்வோ அந்தப் புள்ளியைத் தடவிப் பார்த்துவிட்டு, "முழு வீடும் இந்தப் பச்சையில நிக்கறத ஒரு தடவை பாத்துட்டாப் போதும்" என்றான்.

வசந்தத்தை அவன் பார்ப்பது சந்தேகம் என்று டாக்டர் ஒளிவுமறைவில்லாமல் சொல்லியிருந்தார். அதனால்தான் நவம்பரில், வானம் பிளந்துகொண்டு ஊற்றும் ஊரில், புத்தியுள்ள எவரும் பிரஷைத் தொடாத மாதத்தில் அவள் வேலையை ஆரம்பித்தாள். சாரம் கட்டி, அதன்மேல் வெள்ளைப் பிளாஸ்டிக் ஷீட்டைப் போர்த்தி, பழைய பெயின்டின் ஈயத்தூள் வெளியே போகாமலும் மழை உள்ளே வராமலும் வீட்டையே பொட்டலம் கட்டிவிட்டாள். சுவருக்கும் ஷீட்டுக்கும் நடுவே ஒரு ஆள் நடக்கிற அகலம், பலகை காய அங்கே ஒரு ஹீட்டர். நாள் முழுக்க அங்கே பால் கலந்த மாதிரி ஒரே வெளிச்சம். ஆறு தெரியாது, ஆற்றில் நங்கூரமிட்ட கப்பல்கள் தெரியாது. துறைமுகக் கட்டைகளில் கிடக்கும் கடல்சிங்கங்கள் குரைப்பது மட்டும் எங்கிருந்தோ வரும்.

டுவேன் அவளோடு இருபது வருஷமாக வேலை செய்கிறவன். வாய் ஓயாது, கையும் ஓயாது. மூச்சுக் கேட்ட மறுநாள் அவன்தான் வடக்குச் சுவரில் அந்த மர ஆப்புகளைப் பார்த்தான்.

"இங்க வந்து பாரு. ஒவ்வொரு பலகைக்கும் அடியில யாரோ சின்னச் சின்னதாச் செதுக்கிச் சொருகி வச்சிருக்காங்க. வேலையத்த வேலை."

மார்லிஸ் குனிந்து பார்த்தாள். ஒன்றின்மேல் ஒன்று ஏறிப் படிந்த பலகைகளின் கீழ்விளிம்பில், விரல் நகம் தடிமனுக்கு மரச் சில்லுகள். ஒவ்வொரு பலகையையும் கொஞ்சம் தூக்கி, ஒரு மெல்லிய வாய் திறந்து வைத்திருந்தன.

"வேலையத்த வேலை இல்ல. சுவர் மூச்சு விடணும். உள்ள போற ஈரம் வெளிய வர வழி இல்லேன்னா..."

"...பலகை உள்ளயே அழுகிடும், பெயின்ட் கொப்புளிச்சிடும், கீழ்விளிம்பை மட்டும் எந்தக் காலத்துலயும் அடைக்கக் கூடாது. தாயே, எனக்கு மனப்பாடம். இந்தப் பாடத்தை வீட்டுக்காரங்ககிட்ட எடு." டுவேன் மூக்கைத் தேய்த்துக்கொண்டான். "சரி, மத்த மூணு பக்கமும் ஒண்ணுகூட இல்லையே. வடக்குக்கு மட்டும் என்ன தனிக் கவனிப்பு?"

மத்தியானம் ஆர்வோவிடம் கேட்டாள். அவன் சாய்வு நாற்காலியில், மூக்கில் குழாயோடு, ஏலக்காய் ரொட்டியைக் காபியில் நனைத்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் ஆக்சிஜன் இயந்திரம் புஸ் புஸ்ஸென்று இரைந்துகொண்டிருந்தது.

"ஹில்யா அத்தை வேலை அது. மழைக்காலம் வர்றதுக்கு முன்னாடி ஏணி போட்டு ஏறிடுவா. எண்பது வயசுலயும். சுத்தியால தட்டித் தட்டி..." நிறுத்தி மூச்சு வாங்கினான். "எதுக்கு அத்தைன்னு கேட்டா, 'அதுக்கு வழி விடணும்'பா. எதுக்கு வழின்னு கேட்டா காபிய ஊத்திக் குடுத்து வாய அடைச்சிடுவா."

"ஈரத்துக்குத்தான் சொல்லியிருப்பா."

"இருக்கும்," என்றான் ஆர்வோ. ஆனால் அவன் கண் மாடிப்படிக் கூடத்துக் கதவுப் பக்கம் போய் வந்தது. மார்லிஸ் அதைப் பார்த்தாள், பார்க்காதது போல எழுந்துகொண்டாள்.

அதற்குப் பிறகு அவளுக்கு ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. தெற்குச் சுவரில் வேலை செய்தால் வடக்கே என்ன நடக்கிறது என்று மனசு அடித்துக்கொண்டது. வடக்கே போனால் உள்ளே ஆர்வோ எப்படி இருக்கிறானோ என்று அடித்துக்கொண்டது. சுரண்டியை எடுப்பாள், வைப்பாள். ஒரு சாக்குச் சொல்லி உள்ளே ஓடுவாள், அவன் மூச்சைக் கேட்பாள், வருவாள். வந்தால் பலகைக்குப் பின்னால் அது, நீளமாக, நிதானமாக, எந்த அவசரமும் இல்லாமல், வயிறு நிறையச் சாப்பிட்டுத் தூங்குகிற பெரிய உடம்பு ஒன்றின் மூச்சு. வாசனையும் இருந்தது. பழைய மரத்தின் வாசனையில்லை, எலி செத்த வாடையுமில்லை. நெடுநாள் மூடியே இருந்த ஒரு வாயின் வாடை.

ஷீட் அசைவதையும் ஒருநாள் பார்த்தாள். வெளியே காற்றே இல்லை, பனிமூட்டம் ஆற்றிலிருந்து எழும்பி அப்படியே நின்றிருந்தது. ஆனாலும் வடக்குப் பக்கம் முழுக்க அந்த வெள்ளைப் பிளாஸ்டிக் சுவரை நோக்கி மெதுவாக உள்வாங்கியது, சாரத்தின் குழாய்களில் ஒட்டியது, ஒவ்வொரு குழாயின் உருவமும் அதில் எலும்பாகத் தெரிந்தது. பிறகு அதே மெதுவில் வெளியே உப்பியது.

"ஹீட்டர் விசிறி," என்றான் டுவேன்.

மார்லிஸ் போய் ஹீட்டரை நிறுத்தினாள். இரண்டு பேரும் நின்று பார்த்தார்கள். ஷீட் உள்வாங்கியது. உப்பியது.

டுவேன் வழக்கமாக எதற்கும் ஒரு நக்கல் வைத்திருப்பான். அன்று சாமான்களை வாளியில் போட்டுக்கொண்டே, "நாளையிலேர்ந்து எல்க் மான் வேட்டை தொடங்குது. மச்சான்கூடப் போறேன்னு சொல்லியிருந்தேன்ல?" என்றான்.

"சொல்லலையே."

"சொல்லிட்டேன்னு நெனச்சேன்." அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "திரும்பி வந்து சேந்து முடிப்போம். அதுவரைக்கும் இந்தப் பக்கத்த அப்படியே விட்டுடு. கேக்குதா? ஒண்ணும் பண்ணாத."

"பயந்தாங்கொள்ளி."

"ஆமாம், அப்படித்தான் வச்சுக்கோ," என்று சிரிக்காமல் சொல்லிவிட்டுப் போனான்.

மழை பிடித்துக்கொண்டது. ஷீட்டின் மேல் அது விழும் சத்தத்தில் வீடு முழுக்க இரைச்சலாக இருந்தது, ஆனாலும் அந்த இரைச்சலுக்கு அடியில் அது கேட்டது. ஆர்வோவுக்கு ஒவ்வொரு நாளும் மோசமானது. வீட்டுக்கு வரும் நர்ஸ் இயந்திரத்தைக் கூட்டி வைத்துவிட்டு, "இதுக்கு மேல கூட்ட இதுல எண் இல்ல" என்றாள். அவன் உதட்டில் நீலம் படிந்திருந்தது. இதுவரை அவனைத் தூக்கி நிறுத்தியிருந்த கிண்டலும் கேலியும் வற்றிப்போய், கைப்பிடியைப் பற்றிக்கொண்டு மாடிப்படிக் கூடத்துக் கதவையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"கிழவி. சிரிக்கக் கூடாது."

"சிரிக்கல. சொல்லு."

"உனக்கும் கேக்குதுதானே?"

மார்லிஸ் தலையாட்டினாள். அவன் கண்ணில் நீர் கட்டியது, தனியாக இல்லை என்ற நிம்மதியில்.

"முதல்ல அது என்கூடச் சேந்து மூச்சு விட்டுக்கிட்டிருந்துச்சு. இப்ப அப்படி இல்ல. நான் இழுக்கறதுக்கு... ஒரு நொடி முன்னாடி... அது இழுத்துடுது. எனக்கு மிச்சம் வரதில்ல." அவன் அவள் மணிக்கட்டைப் பிடித்தான். விரல்கள் சில்லிட்டிருந்தன. "ஏதாவது பண்ணு. பச்சையெல்லாம் வேண்டாம். வெறும் மூச்சு போதும் எனக்கு."

அவ்வளவுதான், மார்லிஸ் முடிவு பண்ணிவிட்டாள். அவளுக்கு இந்த உலகத்தில் இருந்தது அந்த ஒரு மூச்சு. அதைப் பலகைக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு ஒன்று உறிஞ்சுகிறது என்றால், அது என்ன, ஏன், எப்போதிலிருந்து என்றெல்லாம் ஆராய்ச்சி பண்ண அவளுக்குப் பொறுமையில்லை. ஆப்புகளை உளியால் நெம்பிப் பிடுங்கினாள். காய்ந்த வேர்க்கடலைத் தோல் மாதிரி அவை சாரப் பலகையில் உதிர்ந்தன. பலகைகளைத் தட்டிப் படிய வைத்தாள். அப்புறம் இடுக்குகளை அடைக்கும் பசைத் துப்பாக்கியை எடுத்து, வாழ்நாளெல்லாம் யாரையும் செய்ய விடாத காரியத்தை, செய்கிறவர்களை நாக்கால் கிழித்த காரியத்தை, தானே செய்ய ஆரம்பித்தாள். கீழ்விளிம்புகளை அடைத்தாள். ஒவ்வொரு பலகையாக, மூலைக்கு மூலை, ஒரு மயிர்க்கோடு விடாமல், வெள்ளைப் பசையை இழுத்து, கட்டைவிரலால் தேய்த்து மெழுகி.

அது புரிந்துகொண்டது. ஒவ்வொரு வரிசை அடைபட அடைபட உள்ளே மூச்சு மேலே மேலே ஏறியது, வேகமானது. மார்லிஸ் "மூடு வாய, மூடு வாய" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொல்லிக்கொண்டே அடைத்தாள். கடைசிப் பலகைக்கு வந்தபோது ஹீட்டரும் மழையும் சேர்ந்து இரைந்துகொண்டிருந்தன. உள்ளே ஏதோ இருமியது போலிருந்தது. சின்ன இருமல். அவள் நிறுத்தவில்லை. விரல் முட்டியில் வெதுவெதுப்பான காற்று ஒன்று மோதியது, மோதிக்கொண்டிருக்கும்போதே அதன்மேல் பசையை இழுத்து, கட்டைவிரலை வைத்து அழுத்தினாள்.

நின்றது.

ஷீட் அசையாமல் தொங்கியது. மார்லிஸ் அங்கேயே உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு, ஈரம் காயும் முன் பெயின்ட் அடிக்கக் கூடாது என்பதையும் சேர்த்துத் தூக்கிப் போட்டுவிட்டு, பசை தொட்டால் ஒட்டாத பதம் வந்ததும் அந்தச் சுவர் முழுக்கக் கரும்பச்சையைக் கெட்டியாக ஒரு பூச்சு அடித்தாள்.

உள்ளே வந்தபோது ஆர்வோ தூங்கிக்கொண்டிருந்தான். குழாய் மூக்கிலிருந்து நழுவி மார்பில் கிடந்தது. உதட்டில் நீலம் போய் இளஞ்சிவப்பு ஏறியிருந்தது. எப்போதும் போல் குனிந்து காது கொடுக்கப் போனவள், வேண்டாம், எழுந்துவிடப் போகிறான் என்று விட்டுவிட்டாள். பக்கத்துச் சோபாவில் சரிந்தாள். இரண்டு வருஷத்தில் அன்றுதான் எதையும் கேட்காமல் தூங்கினாள்.

காலையில் காபி வாசனையில் எழுந்தாள். ஆர்வோ அடுப்பருகே நின்றுகொண்டிருந்தான். நின்றுகொண்டு! இயந்திரம் அணைந்திருந்தது. முதுகு நேராக இருந்தது. மார்லிஸுக்கு முதலில் சிரிப்பு வந்தது, பிறகு அழுகை வந்தது, ஓடிப் போய் பின்னாலிருந்து அவனைக் கட்டிக்கொண்டு சட்டையில் முகத்தைத் தேய்த்தாள்.

"அடப்பாவி! எந்திரிச்சு நிக்கிறியே! எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு, மார்லிஸ்," என்றான்.

காபியைக் கையில் கொடுத்தான். மாடியைப் பார்க்க வேண்டும் என்றான். இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து அவன் ஏறியிராத மாடிப்படிகளில் ஒரே சீராக ஏறினான். மேலே அறை அறையாக நடக்கும் காலடியை அவள் கீழேயிருந்து கேட்டாள். தடுமாற்றமில்லை, இடையில் நிற்கவுமில்லை. நர்ஸுக்குப் போன் போட்டு உளறிக் கொட்டினாள். டுவேனுக்குச் செய்தி அனுப்பினாள். சந்தோஷம் தாங்காமல் பாத்திரங்களைத் துலக்கினாள், துலக்கினதையே மறுபடி துலக்கினாள். அப்புறம், கை சோப்பு நீரில் இருக்கும்போதே, தான் எதையோ தேடிக்கொண்டிருப்பது அவளுக்கு உறைத்தது. காது தேடிக்கொண்டிருந்தது. மேலே காலடி இருந்தது. அதோடு சேர்ந்து வர வேண்டிய ஒன்று இல்லை.

குணமாகிவிட்டான், அதனால் சத்தமில்லை. அப்படித்தானே இருக்கும். வேறென்ன.

மழை விட்டிருந்தது. ஆற்றைப் பார்க்கலாம் என்று அவன் முன் தாழ்வாரத்துக்கு அழைத்தான். அங்கே மட்டும் ஷீட்டில் வாசலுக்காக ஒரு திறப்பு இருந்தது. பக்கத்துப் பக்கத்தில் நின்றார்கள். பனி கடித்தது. கப்பல்களின் சிவப்பு வயிறு பனிமூட்டத்தில் மங்கலாகத் தெரிந்தது. மார்லிஸ் பேசும்போதெல்லாம் வாயிலிருந்து வெள்ளையாகப் புகை எழுந்தது. "டாக்டர் மூஞ்சியைப் பாக்கணும் எனக்கு" என்றாள், புகை. "கிறிஸ்துமஸுக்கு முன்னாடி முழுசும் அடிச்சிடுவேன்" என்றாள், புகை.

"வடக்குப் பக்கம் நல்லா அடைச்சியா?" என்று கேட்டான் ஆர்வோ.

அவன் வாயருகே ஒன்றுமில்லை.

"அடைச்சேன்."

"ஒரு இடமும் விடலையே?"

வார்த்தை வந்தது. புகை வரவில்லை. அவள் அவன் நெஞ்சைப் பார்த்தாள். சட்டைப் பொத்தான்களைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். அவை ஏறவில்லை, இறங்கவில்லை.

"விடல," என்றாள். "நான்... பூச்சு காஞ்சிடுச்சான்னு பாத்துட்டு வரேன்."

"பாரு," என்றான். அவன் ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஷீட்டுக்குள்ளே நுழைந்து, வீட்டை ஒட்டி நடந்தாள். ஓடக் கூடாது என்று சொல்லிக்கொண்டாள். மூலை திரும்பியதும் சாமான் பெட்டியில் கிடந்த கத்தியை எடுத்துக்கொண்டாள், எதற்கென்று தெரியாமலே. வடக்குப் பக்கம் அதே பால் வெளிச்சம். ஈரச் சுவர்மேல் பெயின்ட் அடித்தால் என்ன ஆகுமோ அதுதான் ஆகியிருந்தது. கரும்பச்சைப் பூச்சு முழுக்கக் கொப்புளங்கள். காசு அளவில், முட்டை அளவில், உள்ளங்கை அளவில். அடியிலிருந்து கூரை வரைக்கும். ஈரம்தான். தொழிலில் எத்தனையோ பார்த்திருக்கிறாள்.

கொப்புளங்கள் எழும்பின. அடங்கின.

எல்லாம் சேர்ந்து. வேக வேகமாக. எழும்பும்போது ஒரு சீழ்க்கை.

அவளுக்குத் தெரியாத மூச்சா அது?

சாரத்தில் எப்படி ஏறினாள் என்று தெரியாது. இரண்டாம் தட்டில் முழங்காலில் விழுந்து, பலகையில் காதை வைத்தாள்.

"கிழவி."

அவ்வளவு பக்கத்தில். அவ்வளவு மெலிதாக.

"கிழவி... காத்து... இல்ல..."

"ஆர்வோ! இதோ. இதோ திறக்கறேன். இரு. பேசாத, மூச்ச சேத்து வச்சுக்கோ. இதோ."

ஒரு கொப்புளத்தைக் கத்தியால் கீறினாள். வெதுவெதுப்பான காற்று அவள் முகத்தில் அடித்தது. ஏலக்காயும் மருந்தும். கீறல் வழியாக வந்தது, அதே வழியாக ஆவேசமாக உள்ளே இழுபட்டது. அவள் முன்முடி அதோடு சேர்ந்து சுவரில் ஒட்டியது. கீழ்விளிம்பில் கத்தியைச் செருகினாள். பசை. அவள் இழுத்த பசை. ஒரு மயிர்க்கோடு விடாமல். கத்தி வழுக்கியது. நகத்தால் பிறாண்டினாள். நகம் மடிந்தது. ஆப்புகள் எங்கே? பெருக்கித் தள்ளியாயிற்று. உளி? உளி கீழே. இன்னொரு கீறல். இன்னொன்று.

சாரம் ஆடியது.

யாரோ ஏறுகிறார்கள். அவசரமில்லாமல். குழாய் குழாயாக.

அவள் மண்டியிட்டிருந்த பலகையின் மறுமுனை தாழ்ந்தது.

"குளிருது மார்லிஸ். உள்ள போ."

அவள் திரும்பவில்லை. கத்தியை ஆழமாக இறக்கினாள். ஒரு விரற்கடை பெயர்ந்தது. சீழ்க்கை ஒலி கூடியது. "வருது," என்றது உள்ளே. "வருது கிழவி..."

அவள் தோளுக்கு மேலாக ஒரு கை நீண்டது. ஆர்வோவின் கை. கல்யாண மோதிரம். அதில் பசைத் துப்பாக்கி. பெயர்ந்த இடத்தில் வெள்ளையாக ஒரு கோடு விழுந்தது. கட்டைவிரல் அதைத் தேய்த்து மெழுகியது. நேர்த்தியாக. அவள் செய்வதைவிட நேர்த்தியாக. அடுத்த கீறல். ஒரு கோடு. கட்டைவிரல். அவள் அந்தக் கையைக் கடித்தாள். கட்டையைக் கடித்தது போலிருந்தது. கை அதுபாட்டுக்கு வேலையைச் செய்தது. அடுத்தது. அடுத்தது.

கத்தி விழுந்தது. கீழே எங்கோ போய்ச் சத்தம் கேட்டது.

கீழ் வரிசைக் கொப்புளங்கள் அடங்கின. எழும்பவில்லை. அதற்கு மேல் வரிசை. அதற்கும் மேல். மிச்சம் ஒன்று, அவள் முகத்துக்கு நேராக, உள்ளங்கை அளவில், அவள் கடைசியாகக் கீறியது. கீறல் வழியாக ஊசிமுனை அளவுக்கு மூச்சு போய் வந்தது.

மார்லிஸ் அதன்மேல் கையை வைத்துக்கொண்டாள். அழுத்தாமல், விரல்களை விரித்து, பசை படாமல் காப்பதற்காக, விரலிடுக்கில் காற்று போகும்படியாக. கைக்கு அடியில் அது சூடாக இருந்தது. எழும்பி அவள் உள்ளங்கையை முட்டியது. அடங்கியது. மறுபடி முட்டியது.

அவன் அவள் கையை விலக்கவில்லை. துப்பாக்கியைப் பலகைமேல் வைத்தான். அவளுக்குப் பக்கத்தில் தோளோடு தோள் உரச மண்டியிட்டான். வெள்ளைக் கூடாரத்துக்குள் புகை எழுந்தது அவள் வாயிலிருந்து மட்டும்தான். பிறகு அவன் தன் கையை அவள் கையின்மேல் வைத்து, மெதுவாக அழுத்தினான்.